கிறகோரி கச்சான் விற்பவர் அல்லர்

கஜானி தான் செய்த செயலிக்கு வைத்த பெயர் 'சுழிகாட்டி'. வங்கக்கடலில் சூறாவளி எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கள் கரைக்கு எவ்வளவு தூரம் என்று காட்டுவது அதன் வேலை. குருநகர்த் துறையில் அந்தப் பெயர் ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. 'சுழியன்' ஆக்கிவிட்டார்கள். சுழியன் என்றால் குழப்படிக்காரன், நம்பிக் கையில் ஒன்றையும் கொடுக்க முடியாதவன். சுழியன் இண்டைக்கு என்ன சொல்லுறான் என்று கேட்டபடிதான் போனை எடுத்தார்கள். எடுக்கிறார்களே, அது போதும் என்று கஜானி பெயரை விட்டுக்கொடுத்தாள்.

அவள் உரும்பிராயில் வெங்காயம் போடும் நமசிவாயத்தின் மகள். கடல் அவளுக்குப் பண்ணைப் பாலத்தில் பஸ் போகும்போது யன்னலால் தெரிகிற சாமான். பல்கலைக்கழகத்தில் கணினி படித்து முடித்து, அதற்குப் பக்கத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து இருந்தாள். ஒரு மேசை, இரண்டு கணினி, மழைக்கு ஒழுகும் கூரை. செயலி செய்வதை வெளியே உள்ளவர்கள் மூளை வேலை என்கிறார்கள். அது தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுகிற வேலை. ஒரு வாய்க்காலைத் திறந்தால் இன்னொரு வரம்பு உடைக்கும். போன்காரர்கள் புதுப்பதிப்பு ஒன்றை விட்டால் இவளுடைய வரைபடம் வெள்ளையாகும். காலநிலைத் தரவு தருகிறவர்கள் ஒரு புள்ளியை இடம் மாற்றி வைத்தால் சூறாவளி போய் இமயமலையில் நிற்கும். அதையெல்லாம் தேடித் தேடி அடைத்துக்கொண்டிருப்பதில் அவளுக்கு இரண்டு வருடம் போயிருந்தது.

கடல் பற்றி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் றொகான். குருநகர்க்காரன், அவளோடு ஒன்றாகப் படித்தவன். தகப்பனுக்குத் தோள்மூட்டு விலகியபோது மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு வள்ளத்தில் ஏறியவன். சற்றலைட் படம் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, இடையில் காற்று திரும்பினால் என்ன செய்வது என்று கேட்டவன் அவன்தான். அதற்காகவே 'கரைச்செய்தி' என்று ஒரு பக்கம் வைத்தாள். துறையில் நிற்கிறவர்கள் தங்கள் கண்ணுக்குத் தெரிவதைத் தாங்களே எழுதலாம், பேசியும் பதியலாம். அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் குருநகர் ஆட்கள் செயலியை அழிக்காமல் வைத்திருந்தார்கள்.

இப்போது அதன் உயிர் ஒரு கடிதத்தில் நின்றது. உதவி நிறுவனம் ஒன்று மூன்று வருடத்துக்கு இணையச் சேவர் செலவை ஏற்பதாகச் சொல்லியிருந்தது. மீனவர் சங்கம் ஒன்று, நாங்கள் இதை நம்பிப் பாவிக்கிறோம் என்று எழுதித் தரவேண்டும். கார்த்திகை முடிவதற்குள் கடிதம் வராவிட்டால் செயலியை மூடிவிட்டு, கொழும்பில் ஏதோ ஒரு வங்கியின் கணினிப் பகுதியில் குளிரூட்டிக்குக் கீழே போய் இருக்கவேண்டியதுதான்.

கையெழுத்துப் போடவேண்டியவர் கிறகோரி. எழுபது வள்ளக்காரர் சேர்ந்த சங்கத்தின் தலைவர். வயது அறுபத்திரண்டு. கயிறு இழுத்து இழுத்துக் காய்த்த அவருடைய பெருவிரலைப் போன் திரை விரல் என்றே ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் பேசித்தான் பதிவார். பக்கத்து வள்ளத்தைக் கூப்பிடுகிற அதே குரலில் போனைக் கூப்பிடுவார். கையெழுத்தைப் பற்றிக் கேட்டபோது, ஒரு புயல் வரட்டும், பாத்துப் போடுவம் என்று சொல்லியிருந்தார்.

அதற்கு முன்பு ஆவணியில் நடந்ததைச் சொல்லவேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலம். கரைச்செய்திப் பக்கத்தை நிலக்கடலைக் கடைக்காரர் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். மணிக்கு ஒரு தடவை, 'மேற்கு வீதியில் சுடச்சுடக் கச்சான், வாங்கோ வாங்கோ' என்று போட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர் இறால் விற்றார். திருநெல்வேலியில் அறை வைத்திருந்தவர்கள் அறையை வாடகைக்கு விட்டார்கள். காற்றைப் பற்றி எழுத இடமில்லாமல் போயிற்று. கஜானி ஒரு நாள் முழுக்க இருந்து செய்திகளை வடிகட்டுகிற ஒரு வடி செய்தாள். விற்பனைக்கு வருகிற சொற்களையெல்லாம் ஒரு பட்டியலில் போட்டாள். அந்தச் சொல் வந்தால் செய்தி தானாக விலகி உள்ளே நின்றுவிடும். ஒரே நாளில் மூன்று தரம் போட்டால் ஆளை மூன்று நாளைக்கு நிறுத்திவிடும், ஏன் நிறுத்தியது என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதி அந்த இடத்து ஆட்களுக்கெல்லாம் அனுப்பியும் வைக்கும். பட்டியலின் முதற்சொல் கச்சான். மறுநாளே பக்கம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கஜானிக்குத் தன்மேல் நல்ல மதிப்பு வந்தது.

கார்த்திகை முதற்கிழமை தாழமுக்கம் ஒன்று முல்லைத்தீவுக்குக் கிழக்கே உருவாகி வடக்கே ஏறியது. சுழிகாட்டி அதை ஒழுங்காகக் காட்டியது. கடலுக்குப் போகவேண்டாம் என்று இரண்டு நாள் முன்னமே சொன்னது. ஒருவரும் போகவில்லை. வடக்கால் வரும் வாடைக்காற்று வீசுவதால் வள்ளங்களை அதற்கேற்றபடி துறையில் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டில் படுத்தார்கள். அதுவரைக்கும் சுழியன் நல்ல பிள்ளை.

மூன்றாம் நாள் மத்தியானம் காற்று நின்றது. கிறகோரி மட்டும் துறையில் நின்றார். இப்படி நின்றால் புயல் எங்களைத் தாண்டி வடக்கே போய்விட்டது என்றும், அடுத்த காற்று மேற்கால் வரும் என்றும் அவருக்குத் தெரியும். மேற்கால் வருகிற காற்றுக்குத்தான் கச்சான் என்று பெயர். குருநகர்த் துறைக்கு அது நேரே மூஞ்சியில் அடிக்கிற காற்று. வாடைக்குக் கட்டின வள்ளம் கச்சானுக்கு நிற்காது, ஒன்றோடொன்று மோதும். அவர் போனை எடுத்துப் பேசினார்.

"கச்சான் கிளம்பிட்டுது. எல்லாரும் துறைக்கு வாங்கோ."

போன் ஏதோ சொல்லிற்று. மழைத்தண்ணீரில் அவருக்கு எழுத்துத் தெரியவில்லை. போகவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் உரத்துப் பேசினார். பெரிய கச்சான் வருது, கெதியா வாங்கோ என்றார். அதுவும் போகவில்லை. மூன்றாம் தரம், நல்ல கச்சான், பிந்தினால் ஒண்டும் மிஞ்சாது என்றார்.

இதைவிட நல்ல விளம்பரத்தை நல்லூர்க் கடைக்காரரே எழுதியிருக்க மாட்டார். வடி தன் வேலையைச் செய்தது. துறையில் பேர் பதிந்திருந்த நாற்பத்தொரு பேருடைய போனிலும் ஒரே வரி போய் விழுந்தது. 'கிறகோரி: உணவுப்பொருள் விற்பனை காரணமாக மூன்று நாட்களுக்கு நிறுத்தப்பட்டுள்ளார்.'

கிறகோரி அன்றைக்கு மழையில் வீடு வீடாக ஓடிக் கதவைத் தட்டினார். வந்தவர்கள் வந்தார்கள், மாற்றிக் கட்டினார்கள். கடைசியாக நின்ற அடைக்கலநாதனின் வள்ளத்துக்கு மட்டும் நேரம் போதவில்லை. அது மோதி ஒரு பக்கம் வெடித்துவிட்டது.

புயல் போனபிறகு பகிடி வந்தது. பாசையூரிலிருந்து ஒருவர் போன் எடுத்து, அண்ணை வறுத்ததோ அவிச்சதோ என்று கேட்டார். இன்னொருவர் மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு கிலோ சொல்லிவைத்தார். யாரோ கச்சான் போட்டு விற்கும் கடுதாசிச் சுருள் ஒன்று செய்து கிறகோரியின் வள்ளத்து முன்முனையில், அணியத்தில் செருகிவிட்டுப் போனார்கள். நாற்பது வருடம் கடலில் நின்று சேர்த்த மரியாதை ஒரு மத்தியானத்தில் சுருளுக்குள் போயிற்று.

றொகான் கஜானிக்குப் போன் எடுத்தபோது முதல் ஐந்து நிமிடம் அவனால் பேச முடியவில்லை, சிரிப்பு. கஜானிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஏன் கச்சான் விற்கப் போனார் என்று கேட்டாள். மறுபக்கம் சிரிப்பு நின்றது.

"கஜானி, உமக்குக் கச்சான் எண்டா என்னெண்டு தெரியுமோ?"

"நிலக்கடலை."

"அது காத்து. கச்சான் காத்து. மேற்காலை வாறது."

அவள் போனை வைத்துவிட்டு உரும்பிராய்க்கு எடுத்துத் தகப்பனைக் கேட்டாள். நமசிவாயம், ஓம், காத்துத்தானே என்றார். கச்சானுக்கு முன்னம் நாத்து நட்டிடவேணும் எண்டு வருசம் வருசம் நான் சொல்லுறது உனக்குக் கேக்கேல்லையோ என்றார். கேட்டிருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்தில் நிலக்கடலை போடுவதற்கு முன்னம் என்று இருபத்தாறு வருடமாக விளங்கியிருக்கிறாள்.

கிறகோரியிடம் போகும்போது என்ன சொல்லவேண்டும் என்று றொகான் பாடம் எடுத்தான். கொம்பியூட்டர் பிழை விட்டிட்டுது எண்டு சொல்லும், கொம்பியூட்டருக்கு ஒருத்தரும் அடிக்கமாட்டினம் என்றான். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது கஜானி அதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அவளும் றொகானும் போனபோது கிறகோரி வீட்டு முற்றத்தில் எஞ்சினின் பிளக்கைக் கழற்றி மண்தாளால் உரசிக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லவில்லை. அவருடைய மனைவி மார்கிரட்தான் கதிரை கொண்டுவந்து போட்டார். பிளக்கை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தபடி கிறகோரி கேட்டார்.

"ஆர் பிள்ளை என்னைக் கச்சான்காரன் ஆக்கினது? மிசினோ, ஆளோ?"

கஜானி றொகானைப் பார்த்தாள். றொகான் வேலிப் பக்கம் பார்த்தான். மிசின் என்று ஒரு சொல் போதும். ஆனால் மிசின் தானாக இப்படிச் செய்யும் என்றால் அடுத்த புயலுக்கு இந்த மனிசன் அதை ஏன் நம்பவேண்டும் என்று அவளுக்குத் தோன்றிற்று.

"நான்தான் ஐயா. அந்தச் சொல்லை எழுதினது நான். கச்சான் எண்டா காத்தெண்டு எனக்குத் தெரியாது."

"தெரியாது."

"தெரியாது ஐயா."

மார்கிரட் குசினி வாசலில் நின்றபடி, பிள்ளை தெரியாதெண்டு வாயைத் திறந்து சொல்லுது, இந்த வீட்டிலை முப்பத்தெட்டு வருசத்திலை அந்தச் சொல்லை நான் இப்பத்தான் கேக்கிறன் என்றார். கிறகோரி அதைக் காதில் வாங்காத மாதிரி பிளக்கை ஊதினார்.

அடைக்கலநாதனின் வள்ளத்துக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று கஜானி தொடங்கினாள். அவர் கையைக் காட்டி மறித்தார்.

"வள்ளத்தைப் பைபர் வைச்சு ஒட்டலாம், ஒட்டியாச்சு. என்ரை பேரை என்னத்தை வைச்சு ஒட்டுறது?"

அவருக்கு என்ன வேண்டும் என்பது பிறகுதான் வெளியே வந்தது. எந்தப் போனில் அவரைக் கச்சான் விற்பவர் என்று சொன்னதோ அதே போனில் அவர் கச்சான் விற்பவர் இல்லை என்று சொல்லவேண்டும். சொன்ன பிறகு கடிதத்தைக் கொண்டுவரலாம்.

கஜானி அவருக்கு விளங்கப்படுத்தப் பார்த்தாள். அந்த வரி போனது நாற்பத்தொரு பேருக்குத்தான், அதையும் வடி தானாக அனுப்பியது. தானே எழுதி அறிவித்தல் விடுவதற்குச் செயலியில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அது சூறாவளி எச்சரிக்கை. மாதகலிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் செயலி வைத்திருக்கிற எல்லாருக்கும் போகும். போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தாலும் சைரன் அடிக்கும். தெரியாத ஆட்களுக்கும் தெரியவரும்.

"அடிக்கட்டும்," என்றார் கிறகோரி.

வசனத்தை அவரே சொன்னார். 'விக்கிறவர் இல்லை' என்று சொன்னதை, மரியாதையாக இருக்கட்டும் என்று மார்கிரட் 'விற்பவர் அல்லர்' ஆக்கினார். எப்போது விடவேண்டும் என்றும் கிறகோரிதான் சொன்னார். ஞாயிறு காலை ஆறு மணிப் பூசை ஏழுக்கு முடியும், சனம் கோயில் முற்றத்தில் நிற்கும், ஏழேகாலுக்கு விடச்சொன்னார். கஜானி ஏழேகாலுக்குத் தானாகப் போகும்படி செயலியில் குறித்துவைத்தாள். றொகான் திரும்பி வரும்போது வழி முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தான். பேசினால் சிரித்துவிடுவான்.

கத்தோலிக்கருக்குக் கார்த்திகை மரித்தோரின் மாதம் என்பதைக் கிறகோரி, மார்கிரட், றொகான் மூன்று பேருமே மறந்துவிட்டார்கள். அந்த மாதம் பூசையில் ஊரில் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். கொடுத்தவர்கள் எல்லாரும் பாட்டன் பூட்டன் வரைக்கும் கொடுத்திருந்தார்கள். ஏழேகாலுக்குப் பாதர் பட்டியலின் மூன்றாவது தாளில் நின்றார். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில், ஒரு முழுக் கோயிலின் பொக்கற்றுகளும் கைப்பைகளும் சேர்ந்து ஊளையிட்டன.

பின்வரிசை வாங்குகளில் இருந்த ஆண்கள் எழும்பித் துறைக்கு ஓடினார்கள். வெளியே நீலவானம், ஒரு இலை அசையவில்லை. பெண்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு செபம் சொன்னார்கள். பீடத்தில் நின்ற பாதரின் அங்கிக்குள்ளும் சைரன் அடித்தது. அவர் பொறுமையாகப் போனை வெளியே எடுத்தார். சனத்துக்கு என்ன ஆபத்து என்று சொல்லவேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்தது. ஒலிபெருக்கி முன்னால் நின்றபடி உரத்து வாசித்தார்.

"அவசர அறிவித்தல். குருநகர் கிறகோரி கச்சான் விற்பவர் அல்லர். அவர் சொன்னது காற்று."

கோயில் அமைதியாக இருந்தது, ஒருவர் மூக்கால் சிரிக்கும்வரை. அதற்குப் பிறகு பாதரும் மூன்றாவது தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார் என்று றொகான் சொன்னான். றொகான் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். ஆனால் ஒலிபெருக்கியில் போனது கரையூர்ச் சந்தி வரைக்கும் கேட்டது உண்மை.

கஜானி திங்கட்கிழமை றொகானையும் கூட்டிக்கொண்டு கடிதத்தோடு போனபோது திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். கார்த்திகை முடிய ஐந்து நாள் இருந்தது. வேறு சங்கம் பிடிக்க நேரமில்லை. கொழும்பு வேலைக்கு விண்ணப்பத்தையும் நிரப்பிக் கைப்பையில் வைத்திருந்தாள். ஆனால் கிறகோரி சவரம் எடுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். கதிரையை அவரே இழுத்துப் போட்டார்.

"பீடத்திலை நிண்டு பாதரே வாசிச்சிட்டார்," என்றார். "இனி ஒருத்தன் வாய் திறக்கட்டும் பாப்பம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லைத்தான். அவர் போகும்வரை பார்த்திருந்து பிறகு திறந்தார்கள். அதை அவருக்குச் சொல்ல கஜானிக்கு என்ன தேவை.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பேனையை எடுத்து அடியில் ஒரு வரி தானே எழுதினார். சங்கத்தைக் கேளாமல் இனி ஒரு சொல்லையும் தடுக்கவோ, தடுத்ததை விடவோ கூடாது. பிறகு கையெழுத்துப் போடாமல் பேனையைப் பிடித்துக்கொண்டு, இப்ப தடுத்து வைச்சிருக்கிற சொல்லுகளை வாசியும் என்றார். அவர் ஓமெண்டால் சங்கம் ஓமெண்டதுதான் என்றும் சொன்னார்.

கஜானி மடிக்கணினியைத் திறந்து வாசித்தாள். கச்சானை முன்னமே எடுத்துவிட்டிருந்தாள். இறால், கணவாய், அரைவிலை, சாறி, கருவாடு. கிறகோரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஒன்றில் நின்றார்.

"என்ன சொன்னீர்?"

"வாடைக்கு."

"வாடைக்கு வள்ளம் இறக்காதேங்கோ எண்டு நான் ஐப்பசி முழுக்கச் சொன்னனே பிள்ளை. அதுவும் போகேல்லையோ?"

அறை வாடகைக்கு என்பதைச் சனம் 'வாடைக்கு' என்று எழுதுவதால் போட்டது என்று கஜானி சொன்னாள். றொகான் தலையில் கை வைத்தான். கிறகோரி விரலால் மடிக்கணினியைக் காட்டினார். பிறகு, எடுத்துவிடும் இப்பவே, என் கண்ணுக்கு முன்னாலை என்றார். பேனையை இன்னும் மூடித் திறந்துகொண்டிருந்தார். அவள் அந்தச் சொல்லை அழித்தாள்.

அதுவரை உள்ளே தேங்கி நின்ற செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. கிறகோரி போனைத் தூரப் பிடித்து ஒவ்வொன்றாக வாசித்தார். இந்த வாடைக்குப் போகாதேங்கோ. வாடைக்குக் கட்டின கயிறு காணாது. எல்லாம் நல்ல செய்தி, எல்லாம் பழைய செய்தி. தன்னுடைய பெயர் வந்த இடங்களில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். அடுத்த செய்தியையும் அதே குரலில்தான் தொடங்கினார்.

"குருநகர், கோயிலுக்குப் பின்பக்கம். மேல்மாடி அறை வாடைக்கு. பொம்பிளைப் பிள்ளையள் விரும்பத்தக்கது. வலைகள் அகற்றித் தரப்படும். தொடர்பு, மார்கிரட்."

மகன் சுவிசுக்குப் போனபிறகு அந்த மேல்மாடி அறையில் கிறகோரியின் வலைகள்தான் குடியிருந்தன. அவர் குசினி வாசலைப் பார்த்தார். வலைகள் அகற்றித் தரப்படும் என்று இன்னொரு தரம் மெல்ல வாசித்தார்.

மார்கிரட் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"பிள்ளையின்ரை கடிதத்திலை கையெழுத்தைப் போட்டு அனுப்புங்கோ. அதுக்குப் பஸ் போயிடும். பிறகு நாங்கள் கதைப்பம்."

கிறகோரி கையெழுத்துப் போட்டார். தலைவர் என்று எழுதி, திகதி போட்டு, சங்கத்து முத்திரையையும் நன்றாக ஊதி ஊதிக் குத்தினார். கஜானி கடிதத்தை மடித்து விண்ணப்பத்துக்கு மேலே வைத்துக் கைப்பையைப் பூட்டினாள். படலை வரைக்கும் அவர் கூடவே வந்தார். குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, அந்தச் சொல்லைத் திரும்ப உள்ளுக்குப் போட ஏலாதோ?"

"சங்கத்தைக் கூட்டவேணும் அண்ணை," என்றான் றொகான்.